அப்பா வாங்கிய ஸ்டெப்னி

அந்தப் புகைப்படத்தில் தேதி இல்லை. அதனால் எங்கள் வீட்டில் அதைப் பற்றி மூன்று கட்சிகள் உண்டு. பள்ளிக்கூடம் மூடிய பிறகு, மே மாதத்தில் எடுத்தது என்பது அப்பாவின் கட்சி. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில்தான், அதுவும் தான் சொல்லச் சொல்லக் கேட்காமல் போனபோது எடுத்தது என்பது அம்மாவின் கட்சி. மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பாவைப் போனில் கேட்டால், "நல்ல வெயில் பாப்பா, அவ்ளோதான் ஞாபகம்" என்பார்.

படத்தை கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சின்னப் பாய்மரப் படகு. பாய்மரத்தில் ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு குருத்தோலைச் சிலுவை சொருகியிருக்கிறது. ஓலை இன்னும் விறைப்பாக, மஞ்சளும் பச்சையுமாக இருக்கிறது. அந்த வெயிலில் குருத்தோலை அதிக நாள் அப்படி நிற்காது. ஆகவே குருத்தோலை ஞாயிறுக்குப் பிறகு, ஈஸ்டருக்கு முன்பு. கணக்குப் பரீட்சைக்கும் அறிவியல் பரீட்சைக்கும் நடுவே எனக்கு விடுமுறை விட்டிருந்த நாள் அது என்பது நிச்சயம். அன்று மாலை ஆராதனைக்குத் தாமதமாகப் போனோம் என்பதும் நிச்சயம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஈஸ்டருக்கு முந்தின வியாழனான பெரிய வியாழனைத் தவிர வேறு நாள் இல்லை. அம்மாவின் கட்சி ஜெயித்தது. அதைச் சொன்னபோது அம்மா சந்தோஷப்படவில்லை. "தேதி தெரிஞ்சு இப்ப என்னடி பண்ணப்போற?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போது நாங்கள் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தோம். மாடியில் இருந்த ஒற்றை அறை சித்தப்பாவுடையது. அப்பாவுக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, பாலிடெக்னிக்குக்கு அனுப்பியது எல்லாம் அப்பாதான். அப்பா தினமும் மின்சார ரயிலில் கோட்டைக்குப் போய் ஓர் அலுவலகத்தில் எழுதிவிட்டு வருபவர். சித்தப்பா திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பைபர் ஷெட்டில் வேலை பார்த்தார். தண்ணீர்த் தொட்டி, பூங்காவில் குழந்தைகள் ஏறும் சறுக்குமரம், வாயைத் திறந்துகொண்டு குப்பை கேட்கும் முயல் ஆகியவை அங்கே தயாராகும். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் "இந்த முயலுக்குக் காது வெச்சவன் நான்தான்" என்று காதைத் தட்டிக் காட்டுவார்.

மாலையில் அவருடைய பைக் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். மற்ற பைக்குகள் உறுமும், அது இருமும். அந்த இருமலுக்காக நான் கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்பேன். என்னைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் வண்டி உள்ளே வரும். அவர் சட்டையில் பைபர் தூசி இருக்கும். எனக்குக் கையெல்லாம் அரிக்கும். அம்மா திட்டுவாள். மறுநாளும் தொங்கிக்கொண்டு நிற்பேன்.

ஷெட்டின் ஒரு மூலையில், வேலை முடிந்த நேரங்களில், அவர் ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிக்குப் போக மிஞ்சிய பொருளில்தான் அது வளர்ந்தது. பல்லாவரத்தில் கல்யாணப் பந்தலுக்குத் துணி தைக்கும் ஒருவர் பாயைத் தைத்துக் கொடுத்தார். அதனால் அது நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டு, எந்த நிமிடமும் உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்கும் போல இருந்தது.

அதே சமயத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் மூலமாக மஸ்கட்டில் ஒரு வேலை வந்தது. அங்கேயும் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனிதான். ஈஸ்டர் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். சித்தப்பாவுக்குப் போக மனமில்லை. கோவளம் பக்கத்தில், உப்பங்கழியை ஒட்டிய ஒரு விடுதியின் மேனேஜரை அவர் பிடித்து வைத்திருந்தார். படகை ஓட்டிக் காட்டி அது அவருக்குப் பிடித்துவிட்டால் விருந்தாளிகளுக்காகச் சில படகுகள் வாங்குவதாக அவர் சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் ஷெட் மூலையையே வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கிவிடலாம். மஸ்கட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

எனக்கு இதெல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குத் தெரியாமல் பேசும் அளவுக்கு அறைகள் கிடையாது. அப்பாவின் எண்ணமும் தெரியும். "மாசமானா சம்பளம் வர்ற எடத்தை விட்டுட்டு, காத்தை நம்பி ஒரு பொழப்பாடா?" என்று அவர் சாப்பாட்டின் நடுவில் கேட்பார். "காத்து தினமும் வருதுண்ணா. உங்க ஆபீஸ்ல இன்கிரிமென்ட் தினமுமா வருது?" என்பார் சித்தப்பா. அம்மா இருவருக்கும் ரசம் ஊற்றுவாள்.

காற்றை நம்பாத அப்பாதான் ஒரு சனிக்கிழமை பாரிமுனைக்குப் போய், கப்பல் சாமான்களைப் பழைய விலைக்கு விற்கும் கடையிலிருந்து, காற்றடைக்கும் ரப்பர் படகு ஒன்றை மடித்துக் கட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா செலவாளி இல்லை. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம்.

"இது எதுக்குண்ணா?"

"ஸ்டெப்னி இல்லாம வண்டி எடுப்பியா? உன் படகுக்குப் பின்னாடி இதைக் கட்டிக்கோ. அது கவுந்தா இதுல ஏறிக்கலாம்."

"கவுராதுண்ணா."

"கவுராம இருந்தா நல்லது. ஆனா இது இல்லாம நீ தண்ணில எறங்கக் கூடாது."

அப்பா சொல்லி சித்தப்பா மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. விளையாட்டாகப் பேசுவார், பிறகு சொன்னபடி செய்துவிடுவார். ரப்பர் படகு அன்றிலிருந்து ஸ்டெப்னி ஆயிற்று.

பெரிய வியாழன் அன்று காலை அம்மா கோபமாகத்தான் இருந்தாள். ஆண்டவர் பாடுபட்ட வாரத்தில் படகு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று முந்தின நாளே பேசித் தீர்த்திருந்தாள். ஆனால் ஈஸ்டர் கூட்டம் வந்துவிட்டால் மேனேஜருக்கு நேரம் இருக்காது. சித்தப்பா அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் குருத்தோலைச் சிலுவையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். "அண்ணி, ஜெபம் பண்ணுங்க" என்றார். "எதுக்குன்னு பண்றது?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போனாள்.

படகை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வேன் திருமுடிவாக்கத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்தது. ஸ்டெப்னிக்குக் காற்று அடிக்க வேண்டும். சைக்கிள் பம்பு அதன் வாயில் பொருந்தவில்லை. கேம்ப் ரோடு பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் அதைப் பிரித்துப் போட்டு ஒரு சுற்று நடந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, ஆனைக்கு டியூபா?"

"படகுப்பா. காத்து அடிக்கணும்."

"தாம்பரத்துல தண்ணி லாரி வர்றதே பேஜாரா கீது, நீ படகு வுடப்போறியா?" என்றவர், குழாயைச் செருகித் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஸ்டெப்னி எழுந்து, புரண்டு, கடை வாசலை அடைத்துக்கொண்டது. இங்கேயே காற்றடித்துவிட்டோமே, இனி இதை எப்படிக் கொண்டுபோவது என்று அப்போதுதான் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் உறைத்தது. காற்றை இறக்க அப்பா சம்மதிக்கவில்லை. கோவளத்தில் பஞ்சர் கடை இல்லாமல் போனால் என்ன செய்வது?

ஆகவே குட்டியானையில் படகு, படகின் மேல் கவிழ்த்துப் போட்ட ஸ்டெப்னி, அது பறந்துவிடாமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும், இருவருக்கும் நடுவில் நான். வண்டலூர், கேளம்பாக்கம், பிறகு உப்பளங்களுக்கு நடுவே போகும் ரோடு என்று வெயிலில் போனோம். சிக்னலில் நின்றபோதெல்லாம் யாராவது எதையாவது கேட்டார்கள். "எங்கண்ணா, வெள்ளம் வருதுன்னு நியூஸ்ல சொன்னாங்களா?" என்றான் ஒருவன். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். சித்தப்பா மட்டும், "நாளைக்குத்தான் தம்பி, நீ இன்னிக்கே நீச்சல் கத்துக்கோ" என்றார். அன்று முழுக்க அவர் அப்படித்தான் இருந்தார். என் பின்னலைப் பிடித்து வண்டி ஓட்டுவதுபோல் இடமும் வலமும் திருப்பிக்கொண்டே வந்தார்.

மேனேஜர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கரையில் காத்திருந்தார். விடுதியிலிருந்து மிதவைச் சட்டைகள் கொண்டுவந்திருந்தார். நாலைந்து பேர் சேர்ந்து படகை இறக்கினார்கள். சித்தப்பா பாய்மரத்தை நட்டு, சிலுவையைச் சொருகி, பாயைக் கட்டினார். அந்தப் படத்தை அப்போதுதான் அப்பா எடுத்தார். ஸ்டெப்னியிலிருந்து படகுக்குப் போகும் நைலான் கயிற்றைப் படகுப் பக்கம் சித்தப்பா கட்டினார். ஸ்டெப்னிப் பக்கம், முன்னால் இருந்த வளையத்தில், அப்பா கட்டினார்.

மேனேஜர் அதைப் பார்த்தார். "இது என்ன சார், பின்னாடி? நல்லா இருக்கே. பசங்களை இதுல உக்கார வெச்சு இழுக்கலாமா?"

சித்தப்பா ஒரு கணம் யோசித்தார். எதற்கும் இல்லை என்று சொல்லக் கூடாத நாள் அது. "தாராளமா சார்."

"அப்ப பாப்பா உக்காரட்டும். பாத்துடலாம்."

நான் அதற்குள் கால் வைத்தாயிற்று. என்னைத் தனியாக அனுப்ப முடியாது என்று அப்பா பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தானும் ஏறினார். மேனேஜர் படகில் ஏறினார். கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பையன், "இன்னா சார், பஸ்ஸுக்குப் பின்னால ஆட்டோவைக் கட்டிகினு போறீங்க?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தோம். அப்பா கூடச் சிரித்தார்.

மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்று எழுந்திருந்தது. அது எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. பந்தல் துணி ஒரு தரம் படபடத்து, பிறகு வயிறு புடைத்து நின்றது. கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து விறைத்தது. ஸ்டெப்னி ஒரு உலுக்கு உலுக்கிப் புறப்பட்டது.

அதன் பிறகு எத்தனையோ வாகனங்களில் போயிருக்கிறேன். அதுபோல் ஒன்றில் போனதில்லை. எஞ்சின் சத்தம் இல்லை. அடியில் ரப்பருக்குக் கீழே தண்ணீர் ஓடுவது என் தொடைக்குத் தெரிந்தது. முன்னால் படகு, அதில் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் சித்தப்பா. அலை தள்ளும்போது ஸ்டெப்னி ஓடிப்போய்ப் படகின் முதுகில் முட்டும். நான் கையை நீட்டுவேன். சித்தப்பா சுக்கானை விட்டுவிட்டு ஒரு கையைப் பின்னால் நீட்டுவார். விரல் படுவதற்குள் கயிறு மறுபடி நீளும். தூரத்தில் முட்டுக்காட்டுப் பாலத்தில் பஸ்கள் பொம்மைபோலப் போயின. "ஸ்பீடு நல்லா இருக்கே சார்" என்று மேனேஜர் சொன்னது எனக்குக் கேட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும்போதுதான் சிக்கல். காற்று இப்போது எதிரில். பாய்மரப் படகு எதிர்காற்றில் நேராகப் போகாது. வலப்பக்கம் கொஞ்ச தூரம், பிறகு இடப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேறும். ஒவ்வொரு திருப்பத்திலும், ஓடிவந்த வேகம்தான் படகைத் திருப்பிக் கொடுக்கும். அந்த வேகம் எங்களிடம் இல்லை. படகு பாதி திரும்பும். அதற்குள் பின்னாலிருந்து நாங்கள் இழுத்துப் பிடித்துவிடுவோம். பாய் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளும். படகு நின்று, பின்னால் நழுவி, ஸ்டெப்னிமேல் வந்து இடிக்கும். மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை, இரண்டுமுறை, பல முறை. ஒவ்வொரு தடவையும் கரை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னாடி வெயிட்டு ஜாஸ்தி சார். அவங்களை அவுத்து விட்டுட்டு ஓட்டிக் காட்டுங்களேன். என்ன ஆகிடும்?"

அது உண்மை. கழியின் அந்தப் பகுதியில் இடுப்பளவுதான் தண்ணீர். எங்கள் இருவருக்கும் மிதவைச் சட்டை இருந்தது. ஸ்டெப்னி அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். படகு ஒரு வட்டம் போய்விட்டு வந்து எங்களைக் கூட்டிக்கொள்ளலாம். சித்தப்பாவுக்கு இரண்டு கையிலும் வேலை இருந்தது. ஒன்றில் சுக்கான், ஒன்றில் பாய்க் கயிறு. அவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, அந்த முடிச்சை அவுத்து விட்டுருங்கண்ணா. ஒரே ரவுண்டு. வந்துடறேன்."

"விடுங்கப்பா, எனக்குப் பயமே இல்ல" என்று நானும் சொன்னேன். சித்தப்பா தனியாகப் பறந்து வருவதைப் பார்க்க எனக்கு ஆசை.

அப்பா முன்னால் குனிந்தார். இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்தார். அவர் முதுகு எனக்கு மறைத்தது. நெடுநேரம் குனிந்திருந்தார்.

"அண்ணா?"

"நனைஞ்சு இறுகிடுச்சுடா" என்றார் அப்பா. "வர மாட்டேங்குது."

சித்தப்பா தன் பக்கத்து முடிச்சை அவிழ்த்திருக்கலாம். பாயைக் கீழே விட்டால் ஒரு நிமிட வேலை. அவர் கை அதன் பக்கம் போகவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நிமிரவில்லை. பிறகு சித்தப்பா, "சரிண்ணா" என்றார்.

இன்னும் இரண்டு தடவை முயன்றார். பிறகு பாயைச் சுருட்டினார். செருப்பைக் கழற்றிப் படகில் வைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார். படகின் முன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் படகில் மேனேஜர், அவருக்குப் பின்னால் ஸ்டெப்னியில் நாங்கள். "பாப்பா, டிக்கெட் எடுத்தியா?" என்று திரும்பாமலேயே கேட்டார். "பாஸ்!" என்று கத்தினேன். எனக்கு அது போனதைவிடவும் பிடித்திருந்தது. காற்றை நம்ப வேண்டியதில்லை. சித்தப்பாவே இழுத்துக்கொண்டு போகிறார். கரை வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

சித்தப்பா அந்த ஜூன் மாதம் மஸ்கட்டுக்குப் போனார். அறிவியல் பரீட்சையில் நான் எடுத்த மதிப்பெண் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, போனில் சொன்னேன். இன்னும் அங்கேதான் இருக்கிறார். அங்கே வீட்டு மொட்டைமாடிகளில் இருக்கும் தொட்டிகளில் பாதி தன் கையால் ஆனவை என்கிறார். பிறகு கல்யாணமாகி வந்த சித்தியும், அவர்கள் மகனான என் தம்பியும் அங்கேயே. வரும்போதெல்லாம் பேரீச்சம்பழமும் அப்பாவுக்குச் சட்டைத் துணியும் கொண்டுவருவார். படகைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை. அது ஷெட்டில் கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு ஷெட்டே கைமாறியது. இப்போது நான் கீழ்க்கட்டளையில் இருக்கிறேன். வேலையாகத் திருமுடிவாக்கம் பக்கம் போக நேர்ந்தால், திறந்திருக்கும் ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் என்னை அறியாமல் எட்டிப் பார்க்கிறேன். தெருவில் ஏதாவது ஒரு பழைய பைக் இருமினால் பால்கனிக்கு வருகிறேன். வேறு யாராவதாக இருக்கும்.

அவர் போன பிறகு, அலுவலகத்திலிருந்து வந்ததும் அப்பா மாடிக்குப் போய் அந்த அறையின் விளக்கைப் போட்டுவிட்டு வருவார். ஏன் என்று அம்மா கேட்டதில்லை. மின்சாரச் செலவுக்காக எங்களை ஓயாமல் திட்டுபவர் அவர். படுக்கப் போகும்போது மறுபடி ஏறிப்போய் அணைப்பார். வீட்டை மாற்றும்வரை அப்படித்தான் நடந்தது.

அன்று கரை வந்தது. மேனேஜர் இறங்கி, பேன்ட்டில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "கெஸ்ட் இருக்கும்போது இப்படி ஆனா கஷ்டம் சார். முதலாளிகிட்ட பேசிட்டு சொல்றேன்" என்றார். சித்தப்பா கை கொடுத்தார். "சரிங்க சார். வெயில்ல வந்ததுக்கு தேங்க்ஸ்." மேனேஜர் விடுதியைப் பார்த்து நடந்தார். அவருடைய தலை புதருக்குப் பின்னால் மறையும்வரை சித்தப்பா ஈரக் காலோடு அங்கேயே நின்றார்.

குட்டியானைக்காரர் ஹாரன் அடித்தார். ஆராதனைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்பா ஸ்டெப்னியின் அருகில் உட்கார்ந்து, வளையத்தில் இருந்த முடிச்சின் நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பு. கயிறு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து மணலில் விழுந்தது.

எனக்கு ஒரே குஷி. "அப்பா, இப்ப வந்துடுச்சே!"

அப்பா ஸ்டெப்னியின் காற்றுக் குழாயைத் தேடுகிறவர்போல அதைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த சித்தப்பாதான் என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

"காஞ்சிடுச்சு பாப்பா. அதான் வந்துடுச்சு."

அப்படியா என்று கேட்டுக்கொண்டு, சுருட்டி வைப்பதற்காகக் கயிற்றை எடுத்தேன். அதிலிருந்து தண்ணீர் என் பாவாடை முழுவதும் சொட்டியது. அம்மா திட்டுவாளே என்றுதான் அப்போது கவலைப்பட்டேன்.